நாய்க்கு லைசென்ஸ் உண்டு... ட்ரெய்னருக்கு?

2024 மே மாதம், சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறியது நினைவிருக்கும். அதன்பின் வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸ், வாய்மூடி என்று பேச்சு சூடுபிடித்தது. ஆனால், அந்த நாயைப் பழக்க வருகிறவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர்களுக்கு 2017-லும், செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018-லும் மத்திய அரசு விதிகள் வகுத்தது. ட்ரெய்னர் ஆக மட்டும் கட்டாயப் படிப்பு எதுவும் கிடையாது. ஒரு சங்கிலி, ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம் போதும். விசாரிக்கிற வேலை உங்களுடையது.

'நாய் சொன்னதைக் கேட்கலைன்னா என்ன பண்ணுவீங்க?' - இதைத்தான் முதலில் கேளுங்கள். அடிப்பேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'கரெக்‌ஷன் கொடுப்போம்', 'யார் பாஸ்னு காட்டணும் சார்' என்பார்கள். கழுத்தை இறுக்கும் செயின், ஷாக் காலர் எல்லாம் பெரும்பாலும் இந்த வார்த்தைகளுக்குப் பின்னால்தான் இருக்கும். அந்த 'பாஸ்' கதையே அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியது. 1970-ல் தன் புத்தகம் மூலம் அதைப் பரப்பிய டேவிட் மெக், பின்னாளில் அவரே அதைக் கைவிட்டார். ஷாக் காலரை வேல்ஸ் 2010-லேயே தடை செய்துவிட்டது. போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. தண்டித்துப் பழக்கிய நாய்களிடம் மன அழுத்தம் கூடுதலாக இருந்தது.

'உறுமுறதை ஒரே மாசத்துல நிறுத்திடுறேன்' என்பவரிடம் ரொம்பவே உஷார். உறுமல் என்பது நாய் தருகிற எச்சரிக்கை. பயத்துக்குக் காரணம் என்னவென்று பார்க்காமல் சத்தத்தை மட்டும் அடக்கினால், அடுத்த முறை எச்சரிக்காமலேயே கடிக்கலாம். வீட்டில் குழந்தை இருந்தால் இதன் அர்த்தம் சொல்லாமலே புரியும். நல்ல ட்ரெய்னர் வாக்குறுதிக்கு முன்னால் கேள்வி கேட்பார். நாய்க்கு என்ன வயது, எத்தனை மணி நேரம் தனியாக இருக்கிறது, யார் நடைக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று துருவுவார். சாதுவான நாய் திடீரென்று கடிக்க ஆரம்பித்தால், 'முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க' என்பார். காதுவலி, மூட்டுவலிகூடக் காரணமாக இருக்கலாம்.

'ஒரு மாசம் எங்ககிட்ட விட்டுடுங்க' என்கிற பேக்கேஜ் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதிதான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அவர் சொன்னால் உட்காருகிற நாய், உங்கள் வீட்டில் காலிங் பெல் அடித்ததும் பழையபடி பாயும். பழக வேண்டியது நீங்களும்தான். உங்களைப் பக்கத்தில் நிற்க விடாதவரிடம் நாயைக் கொடுக்காதீர்கள்.

பணம் கட்டுமுன் அவர் வேறொரு நாயைப் பழக்குவதை அரைமணி நேரம் பாருங்கள். அவரைக் கண்டதும் அந்த நாய் வால் ஆட்டி ஓடி வருகிறதா, வாலைக் கால்களுக்கு இடையில் இடுக்கி, காதை ஒட்ட வைத்து நிற்கிறதா? இரண்டாவது என்றால், கட்டளைக்கு அது எவ்வளவு டக்கென்று உட்கார்ந்தாலும் வேறு ஆளைத் தேடுங்கள்.