ஓடுபாதையோரக் காத்திருப்பு

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து மின்ரயிலில் போனால் தாம்பரம். அங்கிருப்பதோ விமானப்படைத் தளம். பயணிகள் விமானத்தை ஓட்ட விரும்பும் நம் பிள்ளைகள் வெளியூர்தான் செல்ல வேண்டும். உரிமம் பெற 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். தொடக்கநிலை மாணவர் கண்ணால் பார்த்தே பறப்பவர். உத்தரப் பிரதேசத்து ஃபுர்சத்கஞ்சில் குளிர்காலப் பனிமூட்டம், நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை என்றால் விமானம் தரையில்தான். தனியே பறக்கும் நிலையை எட்டுமுன் இடைவெளி நீண்டால், கற்ற தரையிறக்கமும் கைநழுவும். அதே பாடத்துக்கு மீண்டும் செலவு.

வீட்டிலிருந்து நாமோ, "இன்னுமா பறக்கவில்லை?" என்று தினமும் கேட்கிறோம். அந்த நெருக்கடியில் ஐயமான வானிலையிலும் ஏறிவிடப் பிள்ளை துணியக்கூடும். உயிர் அல்லாஹ் தந்த அமானிதம்.

வானிலைக்காக ஸப்ரு செய்வோம். விமானப் பழுதுக்கும் பயிற்றுநர் பற்றாக்குறைக்கும் அதே சொல்லைச் சொல்லி வாளாவிருப்பது சரியன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர் என்று சேருமுன்பே கேட்போம். பறந்த மணிக்கேற்பக் கட்டணம் என எழுத்தில் கோருவோம். வட்டிக்கு அஞ்சி நகையை விற்றுக் கட்டும் பணமல்லவா! காத்திருக்கும் நாட்களில் வானிலையியல், விமானச் சட்டத் தேர்வுகளைப் பிள்ளை முடிக்கட்டும். தொலைபேசியில் நாம் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்போம்.