கோல் பிடித்த கை, பள்ளியும் கட்டியது!

அமெரிக்காவில் எரிக் குன்செல் என்று ஒரு கண்டக்டர் இருந்தார். பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிற கண்டக்டர் அல்ல! மேடையில் நின்று, கையில் சிறு கோல் பிடித்து, ஏறத்தாழ நூறு பேர் கொண்ட வாத்தியக் குழுவை நடத்துகிற கண்டக்டர்.

ஒரே ஊரில் 44 ஆண்டுகள் அவர் அந்த வேலையைப் பார்த்தார். அவருடைய இசைத்தட்டுகள் ஒரு கோடிக்கு மேல் விற்றன. நாட்டின் தலைவர் கையால் விருதும் வாங்கினார். இத்தனை புகழும் வந்த பிறகு அவர் வீடு வீடாகப் போய்க் கேட்டது என்ன தெரியுமா? ஒரு பள்ளிக்கூடம்!

புகழை எப்படிச் செலவு செய்ய வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு பாடம்.

கோலின் வேலை

மேல்நாட்டு வாத்தியக் குழுவுக்கு ஆர்க்கெஸ்டிரா என்று பெயர். வயலின்காரர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் புல்லாங்குழல், ஊதுகொம்பு, முரசு எல்லாம் இருக்கும்.

இத்தனை பேரும் அவரவர் இஷ்டப்படி வாசித்தால் அது சந்தைக் கூச்சல் ஆகிவிடும். யார் எப்போது தொடங்குவது, எவ்வளவு மெதுவாக வாசிப்பது, எங்கே முழங்குவது என்பதைக் கண்டக்டர் கோலால் காட்டுவார். அவர் எந்த வாத்தியமும் வாசிப்பது இல்லை. ஆனால் எல்லா வாத்தியமும் அவர் சொன்னபடி கேட்கும்.

குன்செல் 1935-ம் ஆண்டு மார்ச் 21-ந்தேதி நியூயார்க்கில் பிறந்தார். கல்லூரியில் முதலில் ரசாயனம் படித்தார். மனம் அதில் நிற்கவில்லை. இசைக்கு மாறினார். 1957-ம் ஆண்டு பட்டம் பெற்றார். பியர் மோன்டே என்ற புகழ்பெற்ற பிரெஞ்சு இசை மேதையிடம் சிஷ்யராகச் சேர்ந்து தொழில் கற்றார்.

அவர் மேடை ஏறிய அதே காலத்தில் ஆசிரியராகவும் இருந்தார். பிரவுன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு இசை சொல்லிக் கொடுத்தார். மேடை ஒரு கண், வகுப்பு ஒரு கண் என்று தொடங்கிய வாழ்க்கை அது. கடைசி வரை அப்படியே நடந்தது.

அது என்ன "பாப்ஸ்"?

1965-ம் ஆண்டு குன்செல் சின்சினாட்டி நகருக்கு வந்தார். ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள ஊர் அது. அங்கே பெரிய வாத்தியக் குழு ஒன்று வெகு காலமாக இருந்தது. 1878-ல் கட்டிய பிரமாண்டமான இசை மண்டபமும் இருந்தது.

பெரிய மேதைகளின் இசையைத்தான் அந்த மண்டபத்தில் வாசிப்பார்கள். அதைக் கேட்கப் பழக்கம் வேண்டும். எங்கே கை தட்டுவது, எப்போது தட்டக்கூடாது என்பதுகூடத் தெரிந்திருக்க வேண்டும். பழக்கம் இல்லாத குடும்பத்தார் மண்டபத்தின் வாசலைப் பார்த்தே தயங்குவார்கள். "இது நமக்கு அல்ல" என்று திரும்பி விடுவார்கள்.

இந்தத் தயக்கத்தைப் போக்க வந்ததுதான் "பாப்ஸ்" கச்சேரி. சினிமாப் பாட்டு, நாடகப் பாட்டு, நடனப் பாட்டு, நாட்டுப்பற்றுப் பாட்டு என்று எல்லாருக்கும் தெரிந்த மெட்டுகளைப் பெரிய குழு வாசிக்கும். நடுநடுவே மேதைகளின் இசையும் வரும். 1885-ம் ஆண்டே பாஸ்டன் நகரில் இப்படிப்பட்ட கச்சேரி தொடங்கிவிட்டது. ஆர்தர் பீட்லர் என்பவர் 1930 முதல் 1979-ல் இறக்கும் வரை அதை நடத்திப் பெரும் புகழ் பெற்றார்.

அந்த வழியைக் குன்செல் சின்சினாட்டியில் பின்பற்றினார். "எட்டு மணி பாப்ஸ்" என்று கச்சேரிகள் நடத்தினார். கூட்டம் பெருகியது. டேவ் புரூபெக், டியூக் எலிங்டன் போன்ற ஜாஸ் இசை மன்னர்களும் அவரோடு சேர்ந்து வாசித்தார்கள். 1977-ம் ஆண்டு "சின்சினாட்டி பாப்ஸ்" என்று தனிப் பெயரே வைத்து விட்டார்கள்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பெயர்தான் புதிது. வாத்தியக்காரர்கள் அதே ஆட்கள்! மேதைகளின் இசையை வாசித்த கைகளே சினிமா மெட்டையும் வாசித்தன. கேட்பவர் ஏழையோ, பணக்காரரோ, பழக்கம் உள்ளவரோ, இல்லாதவரோ, கிடைத்தது முதல்தரச் சரக்கு.

வெடித்தது பீரங்கி!

ருஷ்ய நாட்டு மேதை சைக்காவ்ஸ்கி "1812" என்று ஓர் இசை எழுதியிருக்கிறார். நெப்போலியன் ருஷ்யாவில் தோற்று ஓடியதைக் கொண்டாடும் இசை அது. அதன் முடிவில் பீரங்கி வெடிக்க வேண்டும் என்று அவர் எழுதி வைத்தார்.

1978-ம் ஆண்டு "டெலார்க்" என்ற கம்பெனி குன்செலை வைத்து அதைப் பதிவு செய்தது. முரசை அடித்துச் சமாளிக்கவில்லை. உண்மையான பீரங்கியின் ஓசையைப் பிடித்து, அப்போது புதிதாக வந்த டிஜிட்டல் முறையில் பதிந்தார்கள். "சத்தத்தைக் குறைத்து வையுங்கள், ஒலிபெருக்கி கெட்டுவிடும்" என்று எச்சரித்துத்தான் அந்தத் தட்டை விற்றார்கள். ஒலிபெருக்கியைச் சோதிக்கவே பலர் அதை வாங்கினார்கள். பீரங்கி வெடியைக் கேட்க வாங்கியவரின் காதில் சைக்காவ்ஸ்கியும் சேர்ந்து நுழைந்தார்!

அதன் பிறகு அதே கம்பெனிக்கு எண்பதுக்கு மேல் தட்டுகள் கொடுத்தார் குன்செல். விண்வெளிப் படங்களின் இசை ஒரு தட்டு. குதிரை வீரர் படங்களின் இசை ஒரு தட்டு. கிறிஸ்துமஸ் பாட்டுகள் ஒரு தட்டு என்று வந்துகொண்டே இருந்தன. 1991 முதல் தலைநகர் வாஷிங்டனில் சுதந்திர நாள் கச்சேரியையும் நடத்தினார். நாடாளுமன்றக் கட்டடத்தின் புல்வெளியில் நடந்த அந்தக் கச்சேரியை நாடு முழுவதும் டெலிவிஷனில் பார்த்தார்கள். 2006-ம் ஆண்டு தேசியக் கலை விருது கிடைத்தது.

சர்க்கரையா, சாப்பாடா?

பாப்ஸ் கச்சேரியைக் குறை சொல்கிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. "இது வெறும் சர்க்கரை; சாப்பாடு அல்ல. சினிமா மெட்டுக்குக் கை தட்டுகிறவன் மேதைகளின் இசைக்கு வரமாட்டான்" என்று அவர்கள் சொல்கிறார்கள்.

அவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இனிப்பை மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தால் பிள்ளை சோறு கேட்காது. கூட்டம் சேர்ப்பதோடு ஒரு கலைஞன் நின்றுவிட்டால் அவன் வியாபாரி ஆகிவிடுவான்.

ஆனால் வாசலைப் பூட்டி வைத்துவிட்டு, உள்ளே ஆள் வரவில்லை என்று வருந்துவதில் பயன் இல்லை. எழுத்துப் படிக்கிற பிள்ளைக்கு முதலில் அம்மா, ஆடு என்றுதான் சொல்லிக் கொடுக்கிறார்கள். தெரிந்த சொல்லைக் காட்டித் தெரியாத எழுத்தைக் கற்பிப்பதுதான் முறை. முதல் நாளே காவியத்தைக் கையில் கொடுப்பது இல்லை. இசைக்கும் அதே முறைதான்.

இத்தாலிய மேதை ரோசினி 1829-ல் எழுதிய "வில்லியம் டெல்" இசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குதிரை வீரன் கதைக்கு முகப்பு இசையாக அமெரிக்க ரேடியோவில் அதை வைத்தார்கள். ரோசினி பெயரே தெரியாத லட்சக்கணக்கான பிள்ளைகள் அந்த மெட்டைத் தெரிந்துகொண்டார்கள். தெரிந்த மெட்டைக் கேட்க வருகிற பிள்ளையை, "இதை எழுதியவர் இவர், இவர் எழுதியது இன்னும் இருக்கிறது" என்று கைப்பிடித்து அழைத்துப் போக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் ஆசிரியர் என்று பெயர்.

கதவைத் திறப்பது பாதி வேலை. உள்ளே அழைத்துப் போவது மீதி வேலை. குன்செல் இரண்டையும் செய்ய நினைத்தார்.

பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி

சின்சினாட்டியில் 1973 முதல் ஒரு கலைப் பள்ளி நடந்து வந்தது. பாட்டு, நடனம், நாடகம், ஓவியம் எல்லாவற்றையும் மற்றப் பாடங்களோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அது பணக்காரர் பள்ளி அல்ல. நகரத்தின் பொதுப் பள்ளி. ஆனால் கட்டடம் மிகவும் பழையது.

1990-களின் நடுவில் குன்செல் ஒரு யோசனை சொன்னார். "இசை மண்டபத்துக்குப் பக்கத்திலேயே புதுப் பள்ளி கட்டுவோம்" என்றார். பக்கத்தில் இருந்தால் மண்டபத்தில் வாசிக்கிற கலைஞர் நடந்து வந்து பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். பிள்ளையும் நடந்து போய்ப் பெரிய கச்சேரியைக் கேட்கலாம்.

எளிதில் நடக்கிற காரியமா? பொதுப் பணம் மட்டும் போதவில்லை. நன்கொடை திரட்ட ஓர் அமைப்பை உண்டாக்கினார். செல்வர்களிடம் போய்க் கேட்டார். கம்பெனிகளிடம் கேட்டார். பத்து ஆண்டுகளுக்கு மேல் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் பெயரைக் கேட்டதும் கதவுகள் திறந்தன. தட்டு விற்றுச் சேர்த்த புகழ் பள்ளிக்கு முதலாக மாறியது.

2009-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்போதும் கோலை அவர் கீழே வைக்கவில்லை. ஆகஸ்டு 1-ந்தேதி ஆற்றங்கரையில் உள்ள திறந்தவெளி அரங்கில் தன் ஊர் மக்களுக்குக் கடைசிக் கச்சேரி நடத்தினார். சரியாக ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 1-ந்தேதி காலமானார். வயது 74.

அடுத்த ஆண்டு, 2010-ல், பள்ளி திறந்தது. மழலை வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை ஒரே கூரையின் கீழ் படிக்கிறார்கள். கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். உள்ளே பிள்ளைகள் பாடியதைக் கேட்க அவர் இல்லை.

யார் செய்வது?

இசைப் படிப்பு என்றாலே பல ஊர்களில் முதலில் வெட்டுகிற செலவு அதுதான். பணம் குறைந்தால் பாட்டு வாத்தியார் வேலைதான் முதலில் போகும். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனி வாத்தியார் வருவார். ஏழைப் பிள்ளையின் குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது தொட்டில் பாட்டோடு நின்றுவிடும். பொதுப் பள்ளியில் இசை இருந்தால்தான் அந்தப் பிள்ளைக்கு வழி உண்டு.

அதைக் கேட்டு வாங்கச் சாதாரணத் தகப்பனால் முடியாது. அவன் குரல் எடுபடாது. ஊரே கை தட்டுகிற கலைஞன் கேட்டால் எடுபடும். குன்செல் கேட்டார், கிடைத்தது.

கை தட்டு வாங்கிய ஒவ்வொரு கலைஞனும் அந்த ஊருக்குக் கடன்பட்டவன். அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும். சின்சினாட்டி கண்டக்டர் தன் கடனைத் தீர்த்துவிட்டுப் போனார்.