பெரியார் காட்டாத கடிதம்

1890 நவம்பரில் அயர்லாந்துத் தன்னாட்சிக் கட்சியின் தலைவர் பார்னெல், ஓஷே தம்பதியின் மணவிலக்கு வழக்கில் சிக்கியிருந்தார். அவர் தலைவராக நீடித்தால் தம்மால் எதுவும் செய்ய இயலாது என்று கிளாட்ஸ்டன் எழுதிய கடிதம் பத்திரிகைகளுக்குப் போனது. இரண்டு வாரத்துக்குள் கட்சி உடைந்தது.

நம்மிடமும் ஒரு கல்யாணமும் ஒரு கடிதமும் உண்டு.

நீதிக்கட்சி சேலம் மாநாட்டில் திராவிடர் கழகமானது 1944 ஆகஸ்ட் 27இல். ஐந்தே ஆண்டில் உடைப்பு வந்தது. 1949 மே 14 அன்று திருவண்ணாமலை ரயில் நிலையத்தில் கவர்னர் ஜெனரல் ராஜாஜியைப் பெரியார் சந்தித்தார். ஜூனில் மணியம்மையுடனான திருமண அறிவிப்பு, ஜூலை 9இல் பதிவு. ராஜாஜிதான் இந்தத் திருமணத்தைத் தூண்டிவிட்டுக் கழகத்தைக் கெடுத்தார் என்று கழகத்தார் பலர் பேசினார்கள், எழுதினார்கள், நம்பினார்கள்.

நடந்தது நேர்மாறு. இந்தத் திருமணம் வேண்டாம் என்ற கருத்தில்தான் ராஜாஜி எழுதியிருந்தார், அந்தரங்கம் என்ற குறிப்போடு. அந்தத் தாளை மேடையில் ஒருமுறை தூக்கிக் காட்டியிருந்தால் பெரியார் மேல் விழுந்த பழியில் பாதி குறைந்திருக்கும். காட்டவில்லை. ராஜாஜியும் வாய் திறக்கவில்லை. 1972 டிசம்பர் 25இல் ராஜாஜி, 1973 டிசம்பர் 24இல் பெரியார் என்று இருவரும் மறைந்த பிறகே கடிதம் வெளிவந்தது. அரசியலில் வாழ்நாளெல்லாம் மோதிக்கொண்ட இருவர் ஒருவர் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கடிதம் அப்போதே வந்திருந்தால் பிளவு நின்றிருக்குமா? நின்றிருக்காது என்பதே எங்கள் எண்ணம். 1947 ஆகஸ்ட் 15 துக்க நாளா இன்ப நாளா என்பதிலேயே பெரியாரும் அண்ணாவும் வெளிப்படையாக முரண்பட்டுவிட்டார்கள். திருமணம் சாக்கு என்று முழுக்கச் சொல்லிவிடவும் முடியாது. மனம் நொந்து வெளியேறியவர்கள் உண்மையாகவே நொந்தார்கள். அவர்களைத்தான் பெரியார் பல ஆண்டுகள் ‘கண்ணீர்த் துளிகள்’ என்று கேலி செய்தார். அவர்கள் தி.மு.க.வைத் தொடங்கிய நாளோ செப்டம்பர் 17, பெரியாரின் பிறந்தநாள்!

தலைவர்களின் கடிதம் எப்படியோ தப்பிவிடுகிறது. தொண்டன் தொண்டனுக்கு எழுதியது தப்புவதில்லை. எந்தப் பக்கம் போவது, கிளைக்கழகப் படிப்பகத்துச் சாவி யாரிடம், அண்ணன் அங்கே தம்பி இங்கே என்றால் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரை அழைப்பது என்றெல்லாம் கிராமத்துக் கார்டுகளில்தான் எழுதியிருப்பார்கள். அந்தக் கார்டுகள் இல்லாமல் எழுதப்படும் பிளவு வரலாறு சென்னையின் வரலாறு மட்டுமே.

கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர், ஆத்தூர்ப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது 1949ஆம் ஆண்டுக் கார்டோ கவரோ இருந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எங்களிடம் காட்டுங்கள். படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருகிறோம். அந்தரங்கம் என்று எழுதியிருந்தால் உங்கள் சம்மதமில்லாமல் அச்சேற்ற மாட்டோம்.