பழைய ஆடையும் புதிய ஒட்டும்

பழைய ஆடையிலே கோடித்துணியை ஒட்டுப் போட்டால், அவ்வொட்டே கிழிசலைப் பெரிதாக்கும் என்பது நம் ஆண்டவர் அருளிய உவமைகளுள் ஒன்று. அதன் உட்பொருள் வேறு. அதனை விரித்தற்கு இஃது இடமன்று. எனினும், தையற்காரர் எல்லாரும் அறிந்த அவ்வுண்மை, பழைய கணிப்பொறி விளையாட்டுக்களைப் பழுதுபார்ப்போர்க்கும் எழுத்துப் பிசகாமற் பொருந்துகின்றது. ஆங்கிலர் அத்தகைய திருத்தத்திற்கு இட்டு வழங்கும் பெயரும் "பேட்ச்" என்பதே; ஒட்டு என்று பொருள். ஒட்டுக்கள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக இடுவது எப்பொழுது தகும், எப்பொழுது தகாது என்பதைப்பற்றி எம் கருத்தை இங்கே வெளியிடத் துணிகின்றோம்.

ஆண்டிபட்டி, வைகை அணை, கம்பம் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் மாணவர் கைகளிற் காணப்படுவன பெரும்பாலும் புதிய லேப்டாப்புக்கள் அல்ல. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தமிழக அரசினர் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் அண்ணன்மாரும் அக்காமாரும் பள்ளியிற் பெற்றவை, அவர்கள் படித்து வேலைக்குச் சென்றபின் தம்பி தங்கையர்க்கு வந்து சேர்ந்தன. மூடியின்மேல் அச்சிட்டது தேய்ந்திருக்கும். பாட்டரி அரைமணி நேரம் தாங்கினால் அதுவே பெரிது. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை அதனை ஆக்கிய கம்பெனியார் பொதுவில் நிறுத்திக்கொண்ட பிறகு, "இனி இவை பழைய இரும்புக்கடைக்கே உரியன" என்று சொல்வாரும் பலராயினர். இப்பொறிகளில் மாணவர் விரும்பி ஆடும் ஆட்டங்களுள் ஒன்று "ஏஜ் ஆப் எம்பயர்ஸ்" இரண்டாம் பாகம். 1999-இல் அமெரிக்க நாட்டு டாலஸ் நகரத்து என்செம்பிள் ஸ்டூடியோஸ் என்னும் நிறுவனத்தார் ஆக்கியது. ஊர் அமைத்து, உழுது, மரம் வெட்டி, மதில் எழுப்பி, படை திரட்டிப் போர் செய்வது அதன் பொருள். ஆடியோர்க்கு மேலும் சொல்ல வேண்டுவதில்லை. ஆடாதோர்க்கு எவ்வளவு சொல்லினும் விளங்காது.

இங்கே ஒரு வியப்பு உளது. அவ்விளையாட்டிற்கு ஆக்கியோர் வேண்டியது 166 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பென்டியம் பொறியும் 32 எம்.பி. நினைவகமுமே. நம் பழைய லேப்டாப்பும் அதனைப் பத்து மடங்கிற்கு மேல் விஞ்சும். அங்ஙனமாயின், யானையின்மேல் ஏற்றிய பஞ்சுமூட்டை போல இவ்விளையாட்டு எளிதின் ஓட வேண்டுமன்றோ? ஆனால் ஓடுவதில்லை. திரை தத்தித் தத்திச் செல்கின்றது, நிறங்கள் திரிகின்றன. விண்டோஸ் 7-இல் ஆடியவர், கடல்நீர் செந்நிறமாகவும் புல்வெளி ஊதாவாகவும் தோன்றிய கோலத்தைக் கண்டிருப்பர். எகிப்தின் நதி இரத்தமாய் மாறிய வரலாற்றை நினைந்து நகைத்தாரும் உளர்.

இதற்குக் காரணம் பொறியின் வலிகுறைவன்று. பொறிக்கும் விளையாட்டிற்கும் இடையேயுள்ள பாதை மாறிவிட்டமையே. 1999-இல் விளையாட்டு, டைரக்ட்டிரா என்னும் வாயிலின் வழியே திரைக்குரிய நினைவகத்தில் தானே நேராகப் புள்ளிகளை எழுதும். எழுதுங்கால் 256 நிறங்களே கொண்ட ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, "இப்புள்ளிக்குப் பட்டியலின் இன்ன எண்" என்று குறிக்கும். பிற்காலத்து விண்டோஸோ ஒவ்வொரு சாளரத்தையும் மறைவில் தனித்தனியே வரைந்து, பின்னர் அனைத்தையும் சேர்த்துத் திரையில் இடுகின்றது. விண்டோஸ் 8 முதலாக அம்முறையை நிறுத்தி வைக்கவும் இயலாது. பழைய வாயில் அடைக்கப்படவில்லை, பாவனையாக வைக்கப்பட்டிருக்கின்றது. அவ்வழியே செல்லும் ஒவ்வொரு படமும் இடையிற் காத்து நிற்றலின் தாமதம் நேர்கின்றது. நிறப்பட்டியலை மற்றொரு நிரல் இடையிற் புகுந்து தனக்கென மாற்றிக்கொண்டால் கடல் சிவக்கின்றது. எக்ஸ்ப்ளோரர் என்னும் நிரலை நிறுத்திவிட்டு ஆடினால் நிறம் சரியாகும் என்று அந்நாளில் நண்பர் ஒருவர்க்கொருவர் சொல்லிவந்த கைம்மருந்திற்கு விளக்கமும் இதுவே.

நோய்முதல் இன்னது என்று தெரிந்தபின் மருந்து தேடுதல் எளிது. உலகின் பல பாகங்களிலும் உள்ள ஆர்வலர், கூலி கருதாமல், இதற்கு மருந்துகள் செய்து வைத்துள்ளனர். அவற்றுள் ஒன்று சிஎன்சி-டிரா. வேறொரு பழைய போர் விளையாட்டிற்கென எழுந்த அது, இதற்கும் உதவுகின்றது. பழைய வாயிலின் பெயரையே தான் பூண்டு, விளையாட்டின் ஃபோல்டரில் அமர்ந்து, விளையாட்டு எழுதும் படத்தை வாங்கி, நிறத்தை மாற்றி, இக்காலத்துக் கிராபிக்ஸ் சில்லிற்கு ஏற்ற வடிவில் ஒப்புவிக்கின்றது. துபாஷி வேலை என்று சொல்லலாம். மற்றொன்று யூசர்பேட்ச் என்பது. மூல விளையாட்டு 800-க்கு 600, 1024-க்கு 768, 1280-க்கு 1024 என மூன்று அளவிலேதான் திரையை நிரப்பும். நம் லேப்டாப்புக்களிற் பலவற்றின் திரையோ 1366-க்கு 768. ஆதலின் குதிரையும் கோட்டையும் அகலவாக்கில் இழுக்கப்பட்டுப் பருத்துத் தோன்றும். யூசர்பேட்ச் அக்குறையை நீக்குவதோடு வேறு பல வசதிகளையும், வேண்டுவார் வேண்டுவதைத் தெரிந்துகொள்ளும்படி தனித்தனியே வைத்திருக்கின்றது.

இனி, எம் குற்றச்சாட்டைச் சொல்கின்றோம். நம் நண்பர்களிற் பலர் கிடைத்த ஒட்டுக்கள் அனைத்தையும் ஒரே மாலைப்பொழுதில் ஒரே ஃபோல்டரிற் கொட்டுகின்றனர். ஐந்து திருத்தம் நல்லதாயின் பத்து அதனினும் நல்லது என்பது அவர் கணக்கு. அக்கணக்குத் தவறு. இத்தகைய துபாஷிகள் இரண்டை ஒருங்கு வைத்தால், இரண்டும் டிடிரா என்ற ஒரே கோப்புப் பெயரைப் பூண்டு வருதலின், பின்வந்தது முன்னதை அழித்துவிடும். வைத்தவரோ இரண்டும் தொழில் செய்வதாகவே எண்ணிக்கொண்டிருப்பர். யூசர்பேட்சின் சாளர வசதியையும் சிஎன்சி-டிராவின் சாளர வசதியையும் ஒருசேரத் திறந்தால், ஒரே வேலைக்கு இரு தலைவர் ஆகின்றனர். பிறகு விளையாட்டு நின்றுவிட்டால் எதனால் நின்றது என்று சொல்ல ஒருவராலும் இயலாது. ஒன்றை இட்டு, அரைமணி ஆடிப் பார்த்து, நன்மை கண்டபின் அடுத்ததை இடுவதற்கு வேண்டுவது கல்வியன்று, பொறுமையே. அஃது ஏனோ நம் வாலிபரிடம் அரிதாயிருக்கின்றது.

எம் பக்கத்து ஊரார்க்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டது. அதற்குப் பெருந்துணையாய் நீர் தருவது மலைக்கப்பால் 1895-இல் பென்னிகுயிக் என்பார் சுண்ணச்சாந்தும் கல்லும் கொண்டு முடித்த பெரியாற்று அணை. அதன் வலிமையைப்பற்றி ஐயம் எழுந்து 1979-இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்ட பின்னர், அதனை உறுதிப்படுத்தச் செய்த வேலைகள் மூவகைப்பட்டன. அணையின் முடிமேல் காங்கிரீட்டு அடுக்கி எடையேற்றினர். அணையின் உடலை மேலிருந்து துளைத்து எஃகு வடங்களை அடிப்பாறையோடு பிணித்தனர். பின்புறத்தே காங்கிரீட்டுச் சுவர் ஒன்றை அணைகொடுத்து நிறுத்தினர். மூன்றும் ஒரே வேலையைச் செய்வன அல்ல. ஒன்று எடைக்கு, ஒன்று பிணிப்புக்கு, ஒன்று தாங்குதலுக்கு. புதிய காங்கிரீட்டு பழைய கல்வேலையோடு ஓருடலாய் இயைய வேண்டுமே என்பதுதான் இத்தகைய வேலையிற் பொறியாளர்க்கு உள்ள பெருங்கவலை. கோடித்துணியின் உவமை அவர்க்கும் தெரியும் போலும். 2014-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் உச்சநீதிமன்றம் 142 அடிவரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வழக்கும் வாதமும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அதனுட் புகுதல் எம் நோக்கமன்று. குறை வேறாயின் திருத்தமும் வேறாதல் வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாகவே இதனைக் கூறினோம்.

கிராபிக்ஸ் திருத்தம் தீர்க்கமாட்டாத குறை ஒன்றும் உண்டு. வைகை அணையில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்ததாயின், மதகுக்குப் புதுவர்ணம் பூசுவதால் ஒரு குடம் நீரும் கூடாது. அவ்வாறே, படை பெருகப் பெருக ஒவ்வொரு வீரனும் எவ்வழியே நடக்க வேண்டும் என்று கணக்கிடும் சுமை, கிராபிக்ஸ் சில்லைச் சார்ந்ததன்று. மூளையாகிய பிராசஸரைச் சார்ந்தது. இவ்விளையாட்டு அச்சுமையைப் பெரும்பாலும் பிராசஸரின் ஒரே கூறின்மேல் ஏற்றுகின்றது. ஆள்தொகையின் மேல்வரம்பு மூலத்தில் 200. யூசர்பேட்ச் அதனை 1000 வரை உயர்த்த இடங்கொடுக்கின்றது. பழைய பொறியில் வரம்பை உயர்த்திவிட்டு, "படம் தத்துகின்றது, வேறொரு கிராபிக்ஸ் திருத்தம் உண்டோ?" என்று கேட்பாரை என்னென்பது! மாறாக, சிஎன்சி-டிராவின் அமைப்பில் ஒரு நொடிக்கு இத்தனை படமே போதும் என்று வரம்பிட்டால் பொறி சூடேறுதல் குறையும். சூடேறினால் பொறி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஆகலின், வரம்பிட்டது வேகமாகவே முடியும். மின்விசிறியில் அடைந்த தூசியைத் துடைத்தல் இவை எல்லாவற்றினும் சிறந்த கிராபிக்ஸ் திருத்தம் என்று சொல்லத் தோன்றுகின்றது.

இவற்றினும் கருதத்தக்கது மற்றொன்று. நால்வர் நான்கு பொறிகளை இணைத்து ஆடும்போது, ஒவ்வொரு வீரனின் இருப்பும் வலையில் அனுப்பப்படுவதில்லை. வீரர் ஆயிரவராயின் அந்நாளைய டெலிபோன் கம்பி அதனைத் தாங்கியிராது. ஆடுவோர் இட்ட கட்டளைகள் மட்டுமே செல்கின்றன. ஒவ்வொரு பொறியும் அக்கட்டளைகளை வைத்து முழு உலகத்தையும் தானே கணக்கிடுகின்றது. பால் பெட்னர், மார்க் டெர்ரானோ என்னும் ஆக்கியோர் இருவர் இம்முறையை 2001-இல் ஒரு கட்டுரையில் விளக்கியுள்ளனர். நான்கு பொறியும் அணுவளவும் பிசகாமல் ஒரே விடையைப் பெற்றால்தான் ஆட்டம் நிற்கும். ஒன்று மாறினாலும் ஆட்டம் கலையும். நால்வருள் மெதுவான பொறி எதுவோ, அதன் நடைக்கே மற்ற மூன்றும் நடக்க வேண்டும்.

ஆகவே ஒட்டுக்கள் இருதிறப்படும். திரையின் தோற்றத்தை மட்டும் தொடுவன ஒரு திறம். அவற்றை அவரவர் பொறிக்கேற்ப இட்டுக்கொள்ளலாம். விளையாட்டின் விதியைத் தொடுவன மற்றொரு திறம். அவற்றை எல்லாரும் ஒப்பி, எல்லாப் பொறியிலும் ஒரே பதிப்பாக இடல் வேண்டும். தமிழ் பயில்வோர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய சாமிநாதையரவர்கள் ஏடுகள் பலவற்றை ஒப்பு நோக்கியே அதனைச் செய்தார்கள். புள்ளியிடாத ஓலையெழுத்திற்குப் புள்ளியிடுதலும், சேர்ந்து கிடந்த அடிகளைச் சீர் பிரித்துக் காட்டுதலும் படிப்போர் கண்ணுக்குச் செய்யும் உதவி. பாடத்தையே மாற்றுதல் நூலின் உயிரைத் தொடுவது. முன்னதைப் பதிப்பாளர் தம் விருப்பம்போற் செய்யலாம். பின்னதற்குச் சான்று காட்ட வேண்டும், எந்த ஏட்டில் என்ன கண்டோம் என்று குறிக்கவும் வேண்டும். விளையாட்டைத் திருத்துவோர்க்கு மட்டும் இவ்வொழுக்கம் வேண்டா என்பது என்ன நியாயம்?

"இத்துணைப் பாடு எதற்கு? புதிய பொறி வாங்கிப் புதிய பதிப்பை ஆடுக" என்பர் சிலர். புதிய பதிப்பு உண்டு, நன்றே உளது. என்செம்பிள் நிறுவனம் 2009-இல் மூடப்பட்ட பின்னரும் இவ்விளையாட்டு மறையாமைக்குக் காரணம், யாம் மேலே புகழ்ந்த ஆர்வலரே. அவருள் ஒரு குழுவினர் தாமே இயற்றிய இணைப்பு 2013-இல் உரிமையாளரால் ஏற்கப்பட்டு முறைப்படி வெளிவந்தது. 2019-இல் வந்த புதிய பதிப்பின் ஆக்கத்திலும் அக்குழுவினர்க்குப் பெரும்பங்கு உண்டு. அதன்மேல் 2022-இல் வந்த இணைப்பில் திராவிடர் என்னும் ஓர் இனம் சேர்க்கப்பட்டு, அதன் வீரர் தமிழ் பேசுகின்றனர். இராசேந்திர சோழனுடைய படையெடுப்பும் அங்கே ஆட்டமாய் அமைந்துள்ளது. கூலியின்றி ஒட்டுப் போட்டவர் கையிலிருந்தே இது விளைந்தது என்பதை, ஒட்டுப் போடுவோரை இகழ்வார் எண்ணிப் பார்க்க. ஆனால் அப்பதிப்பு நம் பழைய லேப்டாப்பில் ஓடாது. அதற்கென ஒரு பொறி வாங்க வேண்டுமாயின், திராட்சைத் தோட்டத்தில் நாட்கூலி பெறும் தந்தையார் எத்தனை மாதம் தவணை கட்ட வேண்டும்? விளையாட்டிற்கென்று சொல்ல நாணிப் படிப்பிற்கென்று சொல்லி வாங்குவித்த பொறிகளை யாம் அறிவோம். அதனினும், பழைய பொறியின் நோய் இன்னதென்று ஆராய்ந்து, அரைநாள் உழைத்து, ஒரு காசும் செலவின்றி அதனை நடக்கச் செய்தல் எவ்வளவு மேலானது! ஒட்டுக்களை ஆக்கியோர் தம் இடத்திலிருந்தே பெறுதல் வேண்டும் என்பதை மட்டும் இடையே சொல்லிவைக்கின்றோம். கண்ட இடத்திற் பெற்ற ஒட்டோடு நோயும் வரும்.

விடுதிக் காப்பாளரவர்களுக்கும் கணிப்பொறித் துறையினர்க்கும் யாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்று. இவ்வொட்டுக்களைப்பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள. ஊர்ப்பள்ளியிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் அவற்றைப் படித்தறிவது அரிது. விடுதிப் படிப்பகத்தில், செய்தித்தாள் மேசையின்மேல், ஒரு கோடிட்ட பெரிய குறிப்பேடு வைக்கப்படுக. எந்த லேப்டாப்பு, எந்த விண்டோஸ், விளையாட்டின் எந்தப் பதிப்பு, எந்த ஒட்டை முதலில் இட்டது, எதனை அடுத்து இட்டது, எதனை நீக்க நேர்ந்தது என்று இட்டவரே நாளிட்டுத் தமிழில் எழுதுக. முதற்பக்கத்தை எழுதித் தருவதற்கு எம் வகுப்பினர் இருவர் இசைந்திருக்கின்றனர். குறிப்பேட்டின் விலையை விடுதிச் செலவிற் சேர்க்க இயலாதெனின், அதனையும் நாங்களே வாங்கித் தருவோம்.