பெட்டிக்குச் சாதி தெரியாது, அதை வைப்பவர்களுக்குத் தெரியும்

சென்னையில் இரண்டு ஆண்டுகள் டெலிவரி வேலை பார்த்தேன். நான் அடிக்கடி போன அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், செக்யூரிட்டி அறைக்கு வெளியே ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் கூடை இருக்கும். "உள்ள போகக் கூடாது தம்பி, இதுல வெச்சுட்டுப் போ" என்பார் செக்யூரிட்டி அண்ணன். கொரோனா காலத்தில் வந்த கூடை அது. கொரோனா போனது, கூடை போகவில்லை. பிறகு அதே இடத்தில் எண் பூட்டு போட்ட இரும்பு அலமாரி வந்தது. குறியீட்டை அழுத்தினால் ஒரு கதவு திறக்கும். பார்சலை வைத்து மூடிவிட்டு வந்துவிடலாம்.

உண்மையைச் சொன்னால், அந்த அலமாரி வந்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இனி சாமான் லிஃப்டில் ஏறச் சொல்ல மாட்டார்கள். கதவைப் பாதி திறந்து, "அங்கேயே கீழ வெச்சிடு" என்று சொல்ல மாட்டார்கள். ஆப்பில் என் பெயரைப் பார்த்துவிட்டு "எந்த ஊரு?" என்று கேட்க மாட்டார்கள். அலமாரி எதையும் கேட்காது.

அந்த நிம்மதியைப் பற்றித்தான் இப்போது யோசிக்கிறேன். அந்த அலமாரியின் அடுத்த தலைமுறை வந்துகொண்டிருக்கிறது.

டிரோன்களும் ஆளில்லா வண்டிகளும் கொண்டுவரும் பார்சல்களை வாங்கி வைப்பதற்கென்றே பூட்டுள்ள பெட்டிகள் தயாராகின்றன. டிரோன் அருகில் வந்ததும் அதன் அடையாளக் குறியைப் பெட்டி சரிபார்க்கும். மூடி திறக்கும், பார்சல் இறங்கும், மூடி பூட்டிக்கொள்ளும். வீட்டுக்காரரின் போனுக்குச் செய்தி போகும். அமேசான் 2022 இறுதியில் கலிபோர்னியாவின் லாக்ஃபோர்டிலும் டெக்சாஸின் காலேஜ் ஸ்டேஷனிலும் டிரோன் டெலிவரியைத் தொடங்கியது. இந்தியாவில் 2021 ஆகஸ்டில் புதிய டிரோன் விதிகள் வந்தன. குருகிராமின் கேட் போட்ட குடியிருப்புகளுக்கு ஸ்கை ஏர் என்ற நிறுவனம் டிரோனில் பார்சல்களைக் கொண்டுசேர்க்கிறது. குருகிராமுக்கு வந்தது ஓ.எம்.ஆருக்கு வர அதிக நாள் ஆகாது.

நான் இயந்திரத்துக்கு எதிரி அல்ல. ருவாண்டாவில் 2016 முதல் ஜிப்லைன் நிறுவனத்தின் டிரோன்கள் மலைப் பகுதி மருத்துவமனைகளுக்கு ரத்தம் கொண்டுபோகின்றன. தெலங்கானாவின் விகாராபாதில் 2021 செப்டம்பரில் டிரோனில் மருந்து அனுப்பும் சோதனை நடந்தது. சாலை போய்ச் சேராத இடத்துக்கு மருந்து போய்ச் சேருமானால் அதைக் கைதட்டி வரவேற்க வேண்டும். கொட்டும் மழையில், பத்து நிமிடக் கெடுவுக்குள் பைக்கை முறுக்கிக்கொண்டு பறக்கும் வேலையை ஓர் இயந்திரம் எடுத்துக்கொண்டால் அதற்காக நான் அழ மாட்டேன். திருடு போகாமலும் மழையில் நனையாமலும் பொருளைக் காக்கும் பெட்டியும் நல்ல பொருள்தான்.

ஆனால் எந்தப் பொருளும் இந்த நாட்டில் வெற்றிடத்தில் வந்து இறங்குவதில்லை.

ஊரில் அம்மா களையெடுக்கப் போவார். சாயங்காலம் கூலி கொடுக்கும்போது, அந்த வீட்டில் யாரும் பணத்தை அம்மாவின் கையில் கொடுத்ததில்லை. திண்ணை ஓரத்தில் வைப்பார்கள். அவர்கள் இரண்டு அடி தள்ளிப் போன பிறகு அம்மா எடுத்துக்கொள்வார். கொடுப்பதற்கும் வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அதைப் பார்த்தே வளர்ந்தேன். உழைப்பு வேண்டும், உழைத்தவரின் கை வேண்டாம். பொருள் உள்ளே வரலாம், கொண்டுவந்தவர் வெளியே நிற்க வேண்டும். இரட்டைக் குவளையின் கணக்கும் இதுதான்.

"நகரத்தில் ஏது தம்பி சாதி?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகளை நினைவூட்டுகிறேன். 2022 ஜூனில் லக்னோவில் ஒரு தலித் டெலிவரி தொழிலாளி போலீசில் புகார் கொடுத்தார். தன் பெயரைக் கேட்டுவிட்டு, 'உன் கையால் வாங்க மாட்டோம்' என்று சொல்லி எச்சில் துப்பித் தாக்கினார்கள் என்பது புகார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு பதிவானது. 2024 மார்ச்சில் சொமேட்டோ நிறுவனம் 'சுத்த சைவ' வாடிக்கையாளர்களுக்காகத் தனிப் பணியாளர் பிரிவையும் பச்சைச் சீருடையையும் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே தனிச் சீருடையைக் கைவிட்டது. தனிப் பிரிவு தொடரும் என்றது. பெட்டியில் அடைத்த சோறுகூட யார் தோளில் வருகிறது, எந்தச் சோற்றோடு சேர்ந்து வருகிறது என்று கவலைப்படுகிற சமூகம் இது.

இப்படிப்பட்ட சமூகத்தில், பெயரில்லாத, ஊரில்லாத, வியர்க்காத ஓர் இயந்திரம் பார்சலைக் கொண்டுவந்து பெட்டியில் போட்டுவிட்டுப் போகும் என்றால், சிலருக்கு அது வெறும் வசதி அல்ல. பல தலைமுறை ஆசை நிறைவேறும் நாள்.

இங்கேதான் என் பழைய நிம்மதி என்னைக் கேள்வி கேட்கிறது. அந்த அலமாரி என்மீதான அவமதிப்பை ஒழிக்கவில்லை. அவமதிக்கப்படும் இடத்திலிருந்து என்னை ஒழித்தது. கேட்டுக்கு உள்ளே இருந்தவர்கள் யாரும் மாறவில்லை. மாற வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லாமல் போனது. தொடுகிற சந்தர்ப்பத்தை நீக்கிவிட்டால் தீண்டாமை ஒழிந்துவிடும் என்றால், சேரியை ஊருக்கு வெளியே வைத்த அன்றே அது ஒழிந்திருக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இந்தப் பெட்டி யார் வீட்டில் இருக்கும்? பெட்டி வைக்கச் சொந்த வாசல் வேண்டும், அல்லது மொட்டை மாடி வேண்டும். வரைபடத்தில் பதிவான முகவரி வேண்டும். நாங்கள் இருந்த குடியிருப்புக்குப் பல ஆண்டுகள் பட்டாவே இல்லை. ஆப்பில் எங்கள் தெருவைத் தேடினால் பக்கத்து ஊர்த் தெருவைக் காட்டும். "பொதுப் பெட்டி வைத்துவிடலாமே" என்பீர்கள். எங்கே வைப்பார்கள்? பல கிராமங்களில் ரேஷன் கடையும் தபால் நிலையமும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பாருங்கள். மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதியை இடிக்க 2008 மே வரை போராட வேண்டியிருந்தது. டிரோன் சுவரைத் தாண்டிப் பறக்கும், சரி. ஆனால் சுவரின் எந்தப் பக்கம் இறங்கும் என்பதை டிரோன் முடிவு செய்வதில்லை.

எந்த வேலைக்கு முதலில் இயந்திரம் வருகிறது என்பதும் அரசியல்தான். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்யும் பாண்டிகூட் ரோபோவைக் கேரள இளைஞர்கள் உருவாக்கி 2018இல் திருவனந்தபுரத்தில் இறக்கிக் காட்டினார்கள். ஆனாலும் குழிக்குள் மனிதர்கள் இறங்குகிறார்கள், விஷவாயுவில் சாகிறார்கள். மனிதர் போகவே கூடாத இடத்துக்கு இயந்திரத்தை அனுப்ப மனமில்லாத நாடு, மனிதர் தாராளமாக வந்துபோகக்கூடிய வீட்டு வாசலுக்கு இயந்திரத்தை அனுப்ப அவசரப்படுகிறது. இதைத் தொழில்நுட்ப வளர்ச்சி என்று மட்டும் எப்படிச் சொல்வது?

"ஒரு பெட்டியில்கூடச் சாதியைத் தேடுகிறாயா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் தேடவில்லை. குவளையிலும் கிணற்றிலும் தெருவிலும் அதை வைத்தவர்கள் நாங்கள் அல்ல. வைக்கத்தில் 1924இல் மக்கள் போராடியது கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் நடக்கும் உரிமைக்காக. தெரு வெறும் தெருதானே என்று அன்றைக்கும் சொல்லியிருக்கலாம்.

ஆகவே பெட்டியை உடைக்கச் சொல்லவில்லை. பெட்டியோடு சேர்த்துச் சிலவற்றைக் கேட்கிறேன். குடியிருப்புச் சங்கங்கள் பெட்டி வைக்கட்டும். அதைக் காரணமாகக் காட்டி வேலைக்கு வருபவர்களுக்கு லிஃப்டையும் தண்ணீரையும் கழிவறையையும் மறுக்கக் கூடாது. தீண்டாமையை ஒழிக்கும் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு அரசை மட்டுமல்ல, தனிமனிதர்களையும் கட்டுப்படுத்தும். அது கேட்டுக்கு வெளியே நின்றுவிடும் சட்டம் அல்ல. அரசு பொதுப் பெட்டிகளை அமைக்கும் நாள் வந்தால், முதல் பெட்டி மருந்துக்காக இருக்கட்டும், அது சேரியில் இருக்கட்டும். டெலிவரி தொழிலாளர்களுக்காக ராஜஸ்தான் 2023இல் சட்டம் இயற்றியது. தமிழ்நாடு அதே ஆண்டில் நல வாரியம் அமைத்தது. இயந்திரத்தால் வேலை இழப்பவர்களுக்கான மாற்று வேலையும் இழப்பீடும் இவற்றில் உரிமையாக எழுதப்பட வேண்டும். செயலியில் தொழிலாளியின் முழுப் பெயர் தெரிய வேண்டிய அவசியம் என்ன என்பதையும் சங்கங்கள் கேட்க வேண்டும்.

வாசிக்கும் தோழர்களில் பலர் அப்படிப்பட்ட குடியிருப்புகளில்தான் வாடகைக்கு இருப்பீர்கள். உங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் 'டெலிவரி ஆட்களை உள்ளே விடலாமா' என்ற விவாதம் எப்போதாவது வந்திருக்கும். அடுத்த முறை வரும்போது தயவுசெய்து அமைதியாக இருக்காதீர்கள். டிரோன் வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை யாராவது மாடியேறி வந்து மணி அடிப்பார்கள். கதவை முழுதாகத் திறந்து, கையை நீட்டி வாங்குங்கள்.