நரம்பு மாத்திரை

எஸ்சிடலோப்ராம் சாப்பிடுகிறவரை எங்கள் கொங்குப் பக்கம் ‘நரம்பு மாத்திரை எடுக்கறாருங்க’ என்பார்கள். மனசு என்ற சொல் வாயில் வராது. வரன் தட்டிப்போகுமாம். அதே ஆள் இடுப்புவலிக்கு காந்திபுரத்தில் வேறொரு டாக்டரிடம் போகிறார். அவர் டிரமடால் எழுதுகிறார். இவர் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஆகாதுதான். ஆகிறவருக்குச் செரோடோனின் எகிறி, கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், கணுக்கால் தன்னால் துடிக்கும், காய்ச்சல் ஏறும். வீட்டிலோ, ‘பயந்துட்டாப்ல, மந்திரிச்சு உடுங்க.’

1984இல் நியூயார்க்கில் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் பினெல்சின் சாப்பிட்டுவந்தார். மருத்துவமனையில் பெத்திடின் ஊசி போட்டார்கள். சில மணி நேரத்தில் இறந்தார். அந்த ஜோடிதான் காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. அதன்பின் அங்கே பயிற்சி டாக்டர்களின் வேலை நேரத்துக்கே வரம்பு வந்தது. இங்கே 2018இல் டிரமடாலைப் போதைமருந்துச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். போதைக்குப் பயந்தார்கள், சரி. ஜோடிக்கு யார் பயந்தது?

உடனே ‘பாத்தீங்களா, மனநோய் மாத்திரையே விஷம்’ என்று வாட்ஸப்பில் கிளம்பாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் அது வேறு வம்பு. (பிள்ளைக்குப் பசியெடுக்கக் கொடுக்கிறோமே சைப்ரோஹெப்டடின், இந்த நஞ்சுக்கு அதையும் மாற்றாகக் கொடுப்பார்கள்.) ‘சுகர் இருக்குங்களா’ என்று கேட்கிற டாக்டர், ‘மனசுக்கு ஏதாச்சும் மாத்திரை எடுக்கறீங்களா’ என்றும் கேட்கட்டும். மருந்துக்கடைக்காரரும்தான்.