வரிசையில் கழியும் நேரத்துக்குப் பேர் போடுவது யார்?



மே மாதம் நமக்குச் செங்கொடியோடு பிறக்கிறது. வடக்கே நெடுந்தீவு மக்களுக்கு அதே மாதத்தின் 15ஆம் திகதி கண்ணீரோடு வருகிறது. 1985ஆம் ஆண்டு அந்த நாளில், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினி என்ற பயணிகள் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. கடற்படையினர் படகில் ஏறி வெட்டினார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். பெண்களும் குழந்தைகளும் உட்படக் குறைந்தது 23 பேர் மாண்டார்கள். 2025 மே மாதத்தோடு நாற்பது ஆண்டுகள் நிறைந்தன. இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

அந்தப் படகில் இருந்தவர்கள் அன்றாட அலுவலுக்காகக் கடல் கடந்த சாதாரண மக்கள். அதைவிட நம்மை உலுக்கும் செய்தி ஒன்று உண்டு. அதே குமுதினி மீண்டும் ஓடியது. அதே மக்கள் அதே பலகையில் போய் உட்கார்ந்தார்கள். பயம் போய்விட்டதால் அல்ல. அடுப்பு எரிய வேண்டும், பிள்ளை படிக்க வேண்டும், நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வேறு வழி இருக்கவில்லை.

மலையில் வாழும் நம்மில் பலர் நெடுந்தீவைக் கண்டதில்லை. மாவிலித்துறையில் படகேறினால் குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று பஸ்ஸில் போனால்தான் யாழ்ப்பாணம். காற்றுக் காலத்தில் கடலே பாதி வழியை அடைத்துவிடும். யுத்த காலத்தில் மீதிப் பாதியைச் சோதனைச்சாவடிகள் அடைத்தன. துறைமுகத்தில் இறங்கு, வரிசையில் நில், அடையாள அட்டையை நீட்டு, பையைத் திற, கையைத் தூக்கு. மீனவருக்குக் கடலில் இறங்கவே பாஸ் வேண்டியிருந்தது. சோதனை நீண்டால் பஸ் போய்விடும். பஸ் போனால் அன்றைய கூலி போய்விடும்.

குடாநாடு முழுவதும் இதே கதைதான். 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தபோது முகமாலையிலும் ஓமந்தையிலும் மூட்டை முடிச்சுகளை இறக்கி ஏற்றியே மக்கள் களைத்தார்கள். 2006 ஆகஸ்டில் அந்த வழியும் அடைபட்டது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற இராணுவத்தின் அனுமதியும் கப்பலில் ஓர் இடமும் தேடி நாட்கணக்கில் காத்திருந்தார்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்வோம்: வன்னியை விட்டு வெளியேறப் புலிகளும் பாஸ் கேட்டார்கள், பின்னால் பிணை நிற்க ஆள் கேட்டார்கள். சீருடை எதுவானாலும் வரிசையில் நின்றது உழைப்பாளிதான்.

இது நமக்கு அந்நியமான கதையா? பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அடையாள அட்டையும் இல்லாமல், கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன நம் லயத்துப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். எத்தனை பேர் பொலிஸ் நிலையத்து வாங்கில் இரவைக் கழித்தார்கள்! படிக்கப் போன காலத்தில் நாமும் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டுத் தெருவோரம் நின்றிருக்கிறோம். "நுவரெலியா" என்று சொல்லியும் பையைக் கொட்டித்தான் காட்டினோம். பஸ்ஸோ நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்து 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி ஊரை விட்டே அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்திராவிட்டால் அந்த எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்கும்?

இன்னும் பின்னால் போனால் நம் தாத்தாமார் காலத்துத் துண்டு வருகிறது. கங்காணியிடம் பட்ட கடன் எழுதிய அந்தச் சீட்டு இல்லாமல் ஒரு தொழிலாளி அடுத்த தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. கால் தன்னுடையதாக இருந்தும் நடக்கும் உரிமை இன்னொருவன் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. 1921இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது.

ஒழிந்த துண்டு வேறு நாடுகளில் வேறு பெயரில் உயிரோடு இருக்கிறது. இயேசு பிறந்த ஊரென்று நம் பிள்ளைகள் படிக்கும் பெத்லகேமின் வாசலில் ஒரு சோதனைச்சாவடி உண்டு. அதன் இலக்கம் 300. இஸ்ரேலுக்குள் கட்டட வேலைக்குப் போகும் பலஸ்தீனத் தொழிலாளர்கள் அதிகாலை மூன்று மணிக்கே அங்கு வந்து நின்றார்கள். இரும்புக் கம்பிகளுக்கு இடையே ஒடுங்கிய பாதை, சுழலும் கதவு, அனுமதி அட்டை, விரல் அடையாளம். ஏழு மணி வேலைக்கு நடுச்சாமத்திலேயே வீட்டை விட்டவர்கள் அவர்கள். அந்த அனுமதி நீண்ட காலம் ஒரே முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருந்தது. முதலாளியை விட்டால் அனுமதியும் போகும். பலர் அதைத் தரகரிடம் மாதாமாதம் விலை கொடுத்து வாங்கினார்கள். கங்காணியின் துண்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

2023 ஒக்டோபரில் போர் மூண்டதும் அந்த வரிசையும் இல்லாமல் போனது. மேற்குக் கரையிலிருந்து வேலைக்குப் போய்வந்த ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேரில் பெரும்பாலானோரின் அனுமதி நிறுத்தப்பட்டது. வரிசையில் நிற்பது கொடுமை. வரிசையே இல்லாமல் அடுப்பு அணைவது அதைவிடக் கொடுமை.

அடுத்த மாதமே நம் அரசாங்கம் 10,000 பேரை விவசாய வேலைக்கு அனுப்ப இஸ்ரேலோடு உடன்பட்டது. நாடு திரும்பிய தாய்லாந்துத் தொழிலாளரும், தடுக்கப்பட்ட பலஸ்தீனத் தொழிலாளரும் விட்டுச்சென்ற இடங்களுக்குத்தான் ஆள் தேடினார்கள். இந்தியாவின் முன்னணி மத்திய தொழிற்சங்கங்கள் அந்த நவம்பரிலேயே தங்கள் நாட்டிலிருந்து அப்படி ஆள் அனுப்புவதைக் கூட்டாக எதிர்த்தன.

போகும் நம் பிள்ளைகளைக் குறை சொல்ல நாம் எழுதவில்லை. 2025இல் நாட்கூலி 1,350 ரூபாவில் நின்றபோது வெளிநாட்டுச் சம்பளம் எவரையும் இழுத்தது. ஆனால் யாருடைய வெற்றிடத்தில் நிற்கப் போகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கு ஒருவனை வாசலில் நிறுத்திவைத்து மற்றவனை உள்ளே விடுகிற கைதான், இங்கு வெளியாளைக் காட்டி நம் கூலியைக் குறைக்கப் பார்க்கிறது.

பெரட்டுக்குப் பத்து நிமிடம் பிந்தினால் திருப்பி அனுப்பப்படும் வலி நமக்குத் தெரியும். எடைக்காகக் கூடையோடு காத்து நிற்கும் நேரம் செக்ரோலில் ஏறுவதில்லை என்பதும் தெரியும். குறிகட்டுவானில் நின்ற நேரமும் பெத்லகேமில் நின்ற நேரமும் அப்படித்தான். எந்த முதலாளியும் அதற்குப் பேர் போடவில்லை. எந்த அரசும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. துப்பாக்கி காட்டிப் பறித்தாலும் கடிகாரம் காட்டிப் பறித்தாலும் பறிபோவது உழைப்பாளியின் ஆயுள்.

ஆகவே நாம் கேட்பது இவை. குமுதினியில் மாண்டவர்களுக்கு நீதி வேண்டும். 1979 முதல் நம் தலைமேல் தொங்கும் பயங்கரவாதத் தடைச் சட்டம் நீக்கப்பட வேண்டும். அடையாள அட்டை இல்லாத தோட்டத்துக் குடும்பங்களுக்கு நடமாடும் சேவை தோட்டத்துக்கே வர வேண்டும். வெளிநாட்டு வேலைக்கான ஒப்பந்தம் தமிழில் கையில் தரப்பட வேண்டும். நெடுந்தீவு மக்களுக்குப் போதிய படகுகள் ஓட வேண்டும். அங்கு இன்றும் அவசர நோயாளியைக் கரைசேர்க்கச் சில வேளை கடற்படைப் படகைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை வாசியுங்கள். உங்கள் லயத்தில் அடையாள அட்டை இல்லாதவர்களின் பெயர்களை எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். கூட்டம் தொடங்குமுன் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். நெடுந்தீவுக்காகவும், இன்னும் வரிசையில் நிற்கும் எல்லோருக்காகவும்.